உன் மகனுக்குக் கிடைத்த இடம்

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகன் கவினுக்கு, அவன் ஆசைப்பட்ட அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. சொன்னது உன் மனைவி சுமதி. வியாழக்கிழமை மாலை அவளே போன் செய்து சொன்னாள். அதற்குச் சற்று முன்பே என் மகள் யாழினி மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்லிவிட்டாள். ஆனாலும் உன் வீட்டார் வாயிலிருந்து வரும்வரை நான் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைத் தொழில் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், யாழினி ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரண்டாவது செய்திக்கு ஆதாரம் நானே. யாழினியும் அதே இடத்துக்குத்தான் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு டிஃபர் ஆகிவிட்டது. இடம் கொடுக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. வசந்தத்தில் வரும் பொது விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடி பார்ப்போம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையில் படித்தேன். எத்தனையோ நகராட்சிக் கூட்டங்களில் ஒரு கட்டடத் திட்டத்தை நிராகரிக்க மனமில்லாமல் அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைப்பதைப் பார்த்து எழுதியவன் நான். தள்ளிவைக்கப்பட்டவன் வீட்டில் அன்று இரவு என்ன சமைத்தார்கள் என்று ஒருபோதும் விசாரித்ததில்லை. எங்கள் வீட்டில் அன்று யாரும் சமைக்கவில்லை.

இப்போது ஞாயிறு மாலை. சமையலறை மேடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. கவின் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்த ரவா கேசரி. இந்தியக் கடையில் வாங்கியது, வீட்டில் செய்ததில்லை. நீ எங்களை விட்டுப் போன வருஷம் இது, உன் வீட்டில் இனிப்புக் கிளறக் கூடாது. தீபாவளிக்குக்கூட சுமதி அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. ஆனால் இந்தச் செய்திக்கு இனிப்பு இல்லாமல் எப்படி என்று பையனே கடைக்குப் போயிருக்கிறான். என் மனைவி மாலா அதை வாங்கி வைத்தாள், திறக்கவில்லை. சற்று முன் நான்தான் திறந்தேன். நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை வந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுத வேண்டிய விஷயம் ஒன்றுதான். எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது.

இது புதிதில்லை. சென்னையில் கல்லூரி விடுதியில் தொடங்கியது. நீ படிக்காமல் பாஸ் செய்வாய், நான் படித்துப் பாஸ் செய்வேன். நீ வேலையோடு அமெரிக்கா வந்தாய். நான் சென்னையிலேயே ஒரு தமிழ் நாளிதழில் வேலை பார்த்துவிட்டு, பிறகு மாலாவின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து, வேலை செய்ய அனுமதி வரும்வரை பார்சிப்பனி என்ற ஊரில் ஓர் அப்பார்ட்மென்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு கிரீன் கார்டு முதலில் வந்தது. வீடு முதலில் வந்தது. அந்த வீட்டுப் புல்வெளி இருக்கிறதே, அதைப் பார்த்து நான் பட்ட எரிச்சலை நாகரிகமான தமிழில் எழுத முடியாது. என் வீட்டில் போட்ட அதே விதை, அதே உரம். உன் வீட்டில் கம்பளம், என் வீட்டில் காட்டுச்செடி.

உனக்கும் என்மேல் பொறாமை உண்டு. ஆனால் உன்னுடையது வேறு வகை. நீ அதைக் கையோடு எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாய். இங்கே ஒரு சின்ன ஆங்கிலப் பத்திரிகையில் எனக்கு வேலை கிடைத்து, நகராட்சிக் கூட்டம் பற்றி நான் எழுதியது முதல் பக்கத்தில் பெயரோடு வந்த அன்று காலை, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். "டேய் ரிப்போர்ட்டர், வயித்தெரிச்சலோட வந்திருக்கேன். காபி போடு" என்றாய். உள்ளே வந்து உட்கார்ந்து, உன் பெயர் ஜெர்சி சிட்டியில் ஏதோ ஒரு வங்கியின் மென்பொருள் கோளாறுப் பட்டியலில் மட்டும்தான் வருகிறது, அதிலும் பாதி நாள் எழுத்துப் பிழையோடு வருகிறது என்று புலம்பினாய். காபியைக் குடித்து முடித்ததும் கட்டுரையை முழுசாகப் படித்து, இரண்டாவது பத்தியில் ஒரு கேள்வி கேட்டாய். நல்ல கேள்வி. அன்றைக்கே அதற்குப் பதில் தேடி மறுநாள் இன்னொரு செய்தி எழுதினேன்.

அந்த வித்தை எனக்குக் கடைசிவரை வரவில்லை. நீ சொல்லிவிட்டு லேசாகப் போவாய். நான் சிரித்துக்கொண்டே வைத்திருப்பேன்.

பிள்ளைகள் வளர்ந்ததும் இதற்கெல்லாம் வேறு கனம் வந்தது. நம் ஊர்க்காரர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உனக்குத் தெரியும். சம்பளம் கேட்டால்கூடச் சுற்றிவளைத்துச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை எங்கே விண்ணப்பிக்கிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். "இன்னும் டிசைட் பண்ணல, அவ இஷ்டம்" என்பார்கள். கண் படும் என்ற பயம் பாதி, கேட்பவர் பிள்ளையும் அங்கேயே போட்டுவிடுவானோ என்ற பயம் பாதி. சனிக்கிழமை தவறாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்ட நாமும் அதையேதான் செய்தோம்.

போன ஏப்ரல் விடுமுறையில் என்ன நடந்தது என்பதை நான் இன்னும் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. வர்ஜீனியாவில் மாலாவின் தங்கை வீட்டுக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நீ பென்சில்வேனியாவில் ஒரு கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாய். இரண்டு பேரும் எதிர்த்திசையில் கார் ஓட்டிப்போய், அந்தப் பல்கலைக்கழகத்தின் பார்வையாளர் அரங்கு வாசலில் நேருக்கு நேர் நின்றோம். மாலா தன் காலணியைப் பார்த்தாள். சுமதி வானத்தைப் பார்த்தாள். நீதான் முதலில் வாயைத் திறந்தாய்.

"டேய், வர்ஜீனியா எப்ப இந்தப் பக்கம் வந்துச்சு?"

கோயில் எங்கே என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்கு. எவ்ளோ பேரு வேண்டிக்கிட்டு நிக்கிறாங்க பாரு."

நாம் அசடு வழிய நின்றுகொண்டிருந்தபோது, யாழினியும் கவினும் நமக்கு முன்பே அரங்குக்குள் போய்ப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நேரத்துக்குப் பதிவு செய்ததே அவர்கள்தான். மாதக்கணக்கில் இரண்டு வீட்டிலும் கட்டிக்காத்த ரகசியம், அதைக் கட்டிக்காத்த நான்கு பேருக்குள் மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது.

கூட்டம் முடிந்து வளாகத்தைச் சுற்றிவந்தபோது நீ என்னைத் தனியே கூட்டிப்போனாய். யாழினி எழுந்து நின்று சேர்க்கை அதிகாரியிடம் கேள்வி கேட்டதையும், கவின் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாய். "உன் பொண்ணு கலக்கிட்டாடா. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது" என்றாய். சொல்லிவிட்டு ஒரு மரத்தைக் காட்டி, அது என்ன மரம் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. உன் மகன் கணக்குப் பாடத்தில் எடுக்கும் மதிப்பெண்களைப் பார்த்து நான் ராத்திரி புரண்டு படுப்பதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேப்பிளாக இருக்கும் என்று சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு முன்னால் கார் கழுவிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து நீ விழுந்தாய். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இலையுதிர்காலம் முழுக்கக் கவின் எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் இருந்தான். அவனும் யாழினியும் மேஜையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். சீக்கிரம் முடிவு சொல்லும் சுற்றில் அங்கே போடுகிறவர்கள் அதேபோல் வேறெங்கும் போடக் கூடாது என்பது விதி. ஒரு கல்தான் எறியலாம். இரண்டு பேரும் ஒரே மரத்தில் எறிந்தார்கள். நான் இருவருக்கும் தோசை வார்த்துக் கொடுத்தேன். கவினுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன். அதில் பொய் இல்லை. யாழினிக்கும் கிடைத்தால் என்ற நிபந்தனை அந்த நினைப்புக்குள் இருந்தது என்பது வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

சுமதியின் போன் வந்தபோது நான் இரண்டே வார்த்தை பேசினேன். "அப்படியா, சந்தோஷம்." பிறகு சமையலறையில் நின்றேன். ஒரு நினைப்பு வந்தது. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுத வேண்டும், கவின் அதில் உன்னைப் பற்றி எழுதியிருப்பான். நீ இறந்ததை எழுதியிருப்பான். படித்தவர்கள் உருகியிருப்பார்கள். என் மகளுக்கு எழுத அப்படி ஒன்றும் இல்லை. அவள் அப்பா உயிரோடு இருக்கிறான்.

நினைத்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை திருத்தவில்லை.

யாழினி அன்றைக்குக் கொஞ்சம் அழுதாள், முகம் கழுவினாள், கவினோடு போனில் பேசிச் சிரித்தாள். நானும் மாலாவும் சோபாவின் இரண்டு மூலையில் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. தள்ளிவைக்கப்பட்டது தான்தான், நாங்கள் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

சனிக்கிழமை இந்தியக் கடையில் காய் வாங்கப் போனேன். அங்கே ஒருவரைப் பார்த்தேன். உனக்கும் தெரிந்தவர், பெயர் வேண்டாம். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க பிரெண்டு பையனுக்குக் கெடச்சிருச்சாமே. கெடைக்காம என்ன சார்? அப்பா போனத எழுதியிருப்பான். அதுக்கு மேல என்ன கதை வேணும் அவங்களுக்கு?"

வியாழக்கிழமை என் மண்டைக்குள் ஓடிய அதே வாக்கியம். இன்னொருவர் வாயிலிருந்து, முருங்கைக்காய்க்கு நடுவில் கேட்டபோது அது எவ்வளவு அழுகிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. அவரை மறுத்திருக்க வேண்டும். "இருக்கலாம் சார்" என்றேன். இத்தனை வருஷம் வேலை பார்த்தவன், படிக்காத ஒரு கட்டுரையைப் பற்றி, ஆதாரமே இல்லாமல், இருக்கலாம் என்றேன்.

இன்று காலை மாலா சொன்னாள்: "ஏங்க, இன்னும் போகலன்னா நல்லாருக்காது. சுமதி என்ன நெனப்பா?" அவளும் வருகிறாளா என்று கேட்டேன். "என்னால முடியாது. போனா அழுதுருவேன். அவ தப்பா எடுத்துப்பா. நீங்க போயிட்டு வாங்க." அழமாட்டான் என்ற தகுதியில் என்னை அனுப்பிவைத்தாள்.

உன் வீட்டு வாசலில் பனியைக் கவின் ஒதுக்கியிருந்தான். கோணல்மாணலாக, கார் போக மட்டும் வழி விட்டு. அவன் வீட்டில் இல்லை. சுமதி கதவைத் திறந்து, "வாங்க அண்ணா" என்று உள்ளே கூட்டிப்போய்க் காபி போட்டாள். நான் வாழ்த்துச் சொன்னேன். கவினின் உழைப்பு, அவனுடைய எதிர்காலம், குடும்பத்துக்குப் பெருமை. நகராட்சி மன்றத்தில் தீர்மானம் வாசிப்பது மாதிரி என் காதிலேயே விழுந்தது. சுமதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு யாழினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"நீங்க எப்டி இருக்கீங்க?"

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு சுமதி" என்று வந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அவள் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"அவரு இருந்திருந்தா இதுக்குன்னே பார்ட்டி வெச்சிருப்பாரு அண்ணா. எத்தன வருஷமா காத்துட்டிருந்தாரு தெரியுமா? 'அவனுக்கு உள்ளுக்குள்ள எரியும், வாயத் தொறந்து சொல்ல மாட்டான், என் புல்ல பாக்கறப்ப அவன் மூஞ்சியப் பாரு'ம்பாரு. உங்க கார் வருதுன்னா வேணும்னே போய் புல்லு வெட்டுவாரு."

அதை நீ எனக்குச் சொல்லாமலே போய்விட்டாய். அயோக்கியன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கும்தான் வயித்தெரிச்சல். உங்க வீட்ல அன்னிக்கு அழறதுக்கு ரெண்டு பேரு இருந்தீங்க. இங்க சந்தோஷப்படறதுக்கு நான் ஒருத்தி. அவன் கத்தினான், நானும் கத்தினேன். அப்புறம் ரெண்டு பேரும் நின்னுட்டோம். அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. அதான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

இரண்டே வார்த்தையில் நான் வைத்த போன் அது.

 வேறெதுவும் தோன்றாமல், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். கவின் கட்டுரையில் என்ன எழுதினான் என்றேன். அவளுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. உன்னைப் பற்றி எழுதச் சொல்லிப் பள்ளியில் ஆலோசகர் சொன்னாராம். சுமதியும் சொல்லிப் பார்த்தாளாம். அவன் மறுத்துவிட்டான். "அப்பாவ வெச்சு நான் அப்ளை பண்ண மாட்டேன்னான். வீட்ல எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவான், அத மட்டும் தமிழ்ல சொன்னான்." சின்னப் பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு அவன் நடுவராக நிற்கிறானே, அதை எழுதியிருக்கிறான். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அப்பாக்கள் தமிழிலும் தெலுங்கிலும் திட்டுவதையும், புரியாத மாதிரி நிற்க அவன் பழகிக்கொண்டதையும்.

ஆக, அந்த இடத்தை அவன் உன்னை வைத்து வாங்கவில்லை. உன் மரணத்தைக் காட்டி என் பொறாமைக்கு ஒரு நியாயம் தேடியிருந்தேன். அதுவும் போயிற்று. அவன் நன்றாக எழுதினான், நன்றாகப் படித்தான், கிடைத்தது. இப்போது எனக்கு அவன்மேலும் பொறாமை.

கிளம்பும்போது சுமதி வாசல்வரை வந்தாள். இடம் கிடைத்த பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏப்ரலில் ஒரு நாள் வளாகத்துக்கு அழைக்கிறார்கள். மருத்துவமனை மருந்தகத்தில் அவளுக்கு அந்த வாரம் டூட்டி. நீ போனபோது எடுத்த விடுப்புக்குப் பிறகு இனி மாற்றிக் கேட்க முடியாது. "நீங்க அவனோட போறீங்களா அண்ணா? அவனே உங்களத்தான் கேக்க சொன்னான். யாழினிக்கு முடிவு தெரியறதுக்கு முன்னாடி கேக்கறது தப்புதான். முடியலன்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மாலாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நம் ஆண்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் பதில்.

காரில் வந்தபோது அந்த நாளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். வசந்தகாலம். புல்வெளியில் கூடாரங்கள். பிள்ளைகளுக்கு இலவசச் சட்டை. சிரித்துச் சிரித்து வாய் வலிக்கும் பெற்றோர் கூட்டம். என் மகளுக்கு இல்லை என்று அதற்குள் வந்திருந்தால், அந்தக் கூட்டத்தில் நான் என்ன முகத்தோடு நிற்பேன்? அவளுக்கும் கிடைத்துவிட்டிருந்தால், நீ நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு என் மகளுக்காக மட்டும் எப்படிச் சிரிப்பேன்?

வீட்டுக்கு வந்து மாலாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. யாழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குக் கிடைக்காமல் போனால் என்றேன். அப்போதும் கவினுக்குக் கிடைத்ததுதானே என்றாள். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்ன வாக்கியம்.

சுமதிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னேன். இந்தத் தடவை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினேன். சற்று நேரத்தில் கவின் கூப்பிட்டான். என்னையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டுமாம், உறவு என்ன என்று கேட்கிறார்களாம். அப்பாவின் நண்பன் என்று போடச் சொன்னேன். "அந்த ஆப்ஷன் இல்ல, அங்கிள்" என்றான். பிறகு, பெற்றோர் என்று போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு, பரவாயில்லையா என்று கேட்டான். பரவாயில்லை என்றேன்.

இனி மீதி இருப்பவை. அந்தப் பல்கலைக்கழகத்தில் தனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது என்று யாழினி ஜனவரியில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். முதல் வரைவைக் கவின் படித்துவிட்டான். நிறையக் கெஞ்சியிருக்கிறாய் என்று சொல்லிச் சில வரிகளை அடித்துக் கொடுத்திருக்கிறான். அரையாண்டு மதிப்பெண்கள் பள்ளியிலிருந்து போகும். மற்ற கல்லூரிகளுக்கான விண்ணப்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் முடிய வேண்டும். அவளுக்கான முடிவு மார்ச் கடைசியில் வரும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை. அது எதுவாக இருந்தாலும் ஏப்ரலில் நான் உன் மகனோடு போகிறேன்.

பொறாமை அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்துவிட்டதாக நினைத்தது. இப்போது உன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.